ஒரே நாடு, இரண்டு கரை: வாழ்க்கைத் தரத்தை எதை வைத்து அளப்பது?

ஆசிரியர் பயிற்சியை முடித்த மகளுக்குச் சபாவில் வேலை என்று கடிதம் வந்துவிட்டால் போதும், தீபகற்பத்தில் உள்ள பல இந்தியக் குடும்பங்களில் அன்றிரவு தூக்கம் போய்விடும். "அவ்வளவு தூரத்துல எப்படிம்மா தனியா இருப்ப? தண்ணி, கரண்டு எல்லாம் ஒழுங்கா வருமா?" என்று அம்மா கேட்பார். "அதுவும் நம்ம நாடுதானே, அங்கேயும் மனுசங்கதானே இருக்காங்க" என்று அப்பா சமாதானம் சொல்வார்.

இருவர் பேச்சிலும் உண்மை உண்டு. 1963 செப்டம்பர் 16ஆம் தேதி மலேசியா உருவானபோது சபாவும் சரவாக்கும் இணைந்தன. நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 60 விழுக்காடு இவ்விரு மாநிலங்களிலேயே இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து கோத்தா கினபாலுவுக்கு விமானத்தில் இரண்டரை மணி நேரப் பயணம். ஆனால் வாழ்க்கைத் தரத்தில் இடைவெளி எவ்வளவு?

வருமானம் சொல்லும் கதை

ஒரு மாநிலத்தின் எல்லாக் குடும்பங்களையும் வருமான வரிசையில் நிறுத்தினால், சரியாக நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானத்தை இடைநிலை வருமானம் என்கிறார்கள். புள்ளிவிவரத் துறையின் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி அந்தக் குடும்பம் கோலாலம்பூரில் மாதம் 10,234 வெள்ளி ஈட்டியது; சிலாங்கூரில் 9,983 வெள்ளி; சபாவில் 4,577 வெள்ளி. பாதிக்கும் குறைவு!

உடனே, கடலுக்கு இந்தப் பக்கம் செல்வம், அந்தப் பக்கம் ஏழ்மை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தீபகற்பத்திலேயே உள்ள கிளந்தானில் அதே ஆண்டு இடைநிலை வருமானம் 3,614 வெள்ளிதான். சபாவைவிடவும் குறைவு. ஆனால் வறுமை விகிதத்தைப் பார்த்தால் நிலைமை தலைகீழாகிறது. கிளந்தானில் 13.2 விழுக்காடு, சபாவில் 19.7 விழுக்காடு. சபாவில் ஐந்தில் ஒரு குடும்பம் வறுமைக் கோட்டின் கீழ் இருந்தது.

இது எப்படி? வறுமைக் கோடு எல்லாருக்கும் ஒரே தொகை அல்ல. குடும்பத்தில் எத்தனை பேர், அவர்கள் வாழும் இடத்தில் விலைவாசி என்ன என்பதைப் பொறுத்து அது மாறும். பெரிய குடும்பமும் கூடுதல் விலையும் சேரும் இடத்தில், அதே சம்பளம் போதாமல் போய்விடுகிறது.

சம்பளம் குறைவு, விலை அதிகம்

குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் நடப்புக்கு வந்தபோது தீபகற்பத்தில் 900 வெள்ளி, சபா, சரவாக், லாபுவானில் 800 வெள்ளி என்று இரண்டாக வகுக்கப்பட்டது. 2016இல் 1,000, 920 என உயர்ந்தபோதும் வேறுபாடு நீங்கவில்லை. 2019 ஜனவரியில்தான் நாடு முழுவதும் 1,100 வெள்ளி என்று சமமாயிற்று. 2025 பிப்ரவரி முதல் அது 1,700 வெள்ளி.

சம்பளம் குறைவாக இருந்த காலத்திலும் கடைச் சாமான் மலிவாக இருக்கவில்லை. தீபகற்பத்திலிருந்து போகும் பால்டின்னும் சிமெண்டும் கப்பலேறித்தான் போக வேண்டும். உள்நாட்டுத் துறைமுகங்களுக்கிடையே மலேசியக் கப்பல்களே சரக்கு ஏற்ற வேண்டும் என்ற கட்டுப்பாடு 2017 ஜூனில் இம்மாநிலங்களுக்குத் தளர்த்தப்பட்டது. ஆயினும் நிறையச் சரக்கோடு போகும் கப்பல் குறைந்த சரக்கோடு திரும்பினால், அந்தச் செலவும் பொருளின் விலையில்தானே ஏறும்?

எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது?

வாழ்க்கைத் தரம் என்பது பணம் மட்டுமல்ல. தேவையானது கைக்கெட்டுகிறதா என்பதும்தான். தீபகற்பத்தின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. சபாவின் பான் போர்னியோ நெடுஞ்சாலை வேலையோ இன்னும் முடிந்தபாடில்லை. மின்தடை நேரமும் அங்கே பல மடங்கு அதிகம். 2020இல் கோவிட் காலத்தில் வட சபாவின் உட்கிராமத்து மாணவி ஒருவர், இணைய அலைக்காக மரத்தில் ஏறி அமர்ந்து பல்கலைக்கழகத் தேர்வு எழுதிய காட்சியை நாடே பார்த்தது.

தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தும், சபாவிலோ சரவாக்கிலோ ஒன்றுகூட இல்லை. அங்கே பணிபுரியும் பெற்றோர் பிள்ளைக்கு வீட்டில்தான் தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அப்படியானால் கிள்ளான் பள்ளத்தாக்கில் எல்லாம் சுகமா? வீட்டு வாடகை, கார் தவணை, டோல் கட்டிய பிறகு கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று குடும்பத் தலைவிகளைக் கேட்டால் தெரியும். விடியுமுன் கிளம்பி, பிள்ளைகள் தூங்கிய பிறகு வீடு திரும்பும் தகப்பன்மார் எத்தனை பேர்! சபாவின் கிராமத்தில் சொந்த நிலம் உண்டு. தோட்டத்துக் கீரையும் ஆற்று மீனும் உண்டு. வாரம் ஒரு முறை கூடும் தாமு சந்தையில் விளைந்ததை விற்கலாம். இவையெல்லாம் சம்பளச் சீட்டில் தெரிவதில்லை. ஆனாலும் அங்கிருந்து இளைஞர்கள் வேலை தேடித் தீபகற்பத்திற்கு வந்துகொண்டிருக்கிறார்கள்.

கேட்பது தர்மமா, உரிமையா?

சபாவிலிருந்து மத்திய அரசாங்கம் பெறும் நிகர வருவாய் 1963ஆம் ஆண்டின் அளவைத் தாண்டினால், தாண்டிய தொகையில் ஐந்தில் இரண்டு பங்கு அம்மாநிலத்திற்கே உரியது என்கிறது அரசியலமைப்புச் சட்டம். அதுதான் '40 விழுக்காடு' என்று பேசப்படுவது. நடைமுறையிலோ பல்லாண்டுகள் ஆண்டுக்கு 2 கோடியே 67 லட்சம் வெள்ளி என்ற நிலையான தொகையே கொடுக்கப்பட்டது. 1974 முதல் 2021 வரை அதை மறுஆய்வு செய்யாமல் விட்டது சட்டத்திற்குப் புறம்பானது என்று கோத்தா கினபாலு உயர்நீதிமன்றம் 2025 அக்டோபர் 17ஆம் தேதி தீர்ப்பளித்தது.

ஆக, சாலையும் தண்ணீரும் மின்சாரமும் கேட்பவர்கள் தர்மம் கேட்கவில்லை. தங்களுக்குரிய பங்கைக் கேட்கிறார்கள். எந்தக் கரை உயர்ந்தது என்று பட்டிமன்றம் நடத்துவதைவிட, எந்தக் கரையில் பிறந்தாலும் ஒரு குழந்தைக்குப் பள்ளியும் மருந்தும் விளக்கும் ஒரே மாதிரி எட்டுகிறதா என்று கேட்பதே பயனுள்ள ஒப்பீடு.

"தண்ணி, கரண்டு எல்லாம் ஒழுங்கா வருமா?" என்று இங்கே ஓர் அம்மா ஒரே ஓர் இரவு கவலைப்படுகிறார். அதே கேள்வியை அங்குள்ள அம்மாக்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.