நண்பனின் கள்ளச் சம்பாத்தியமும் நமது கடமையும்





அகிலத்தாரைப் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். அவனது இறுதித் தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

ஹராமான சம்பாத்தியம் என்றதும் வட்டி, இலஞ்சம், சூது, போதைப்பொருள் வியாபாரம் ஆகியன நம் சிந்தைக்கு வருகின்றன. இவற்றின் நிழல் கூடத் தம் வீட்டில் விழக்கூடாது என எச்சரிக்கையோடு வாழும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். ஆயினும், அதே குடும்பத்துப் பிள்ளை கணினியின் மூலமும் கையடக்கத் தொலைபேசியின் மூலமும் பிறர் உழைப்பைப் பிரதி செய்து விற்றுப் பணம் கொண்டு வரும்போது, அது களவாகத் தென்படுவதில்லை, கெட்டித்தனமாகவே தென்படுகிறது. இந்தத் தடுமாற்றத்தையும், இத்தகைய ஒருவன் நமது நண்பனாக இருக்கும்போது நம்மீதுள்ள கடமையையும் இன்று விளங்கிக் கொள்வோம்.

படிப்படியாக இறங்கும் பாதை

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருக்கும் ஓர் இளைஞனை எடுத்துக்கொள்வோம். அவன் தீயவன் அல்லன். ஐவேளைத் தொழுகைக்கும் வருபவன். நண்பர்களுக்குத் தாராளமாகச் செலவு செய்பவன். பிரத்தியேக வகுப்பு ஆசிரியர் ஒருவர் சூம் மூலம் நடத்தும் வகுப்பிற்கு ஒருவருக்கான கட்டணத்தைச் செலுத்தி, அதனைப் பதிவு செய்து, வட்ஸ்அப் குழுவொன்றில் கால்வாசி விலைக்கு விற்கிறான். அவ்வாசிரியரின் டியூட்களைப் படம்பிடித்து அனுப்புகிறான். அடுத்து, பூட்டுடைத்த மென்பொருள்களைக் கடைகளின் கணினிகளில் ஏற்றிக் கொடுத்துக் கூலி பெறுகிறான். இதுவரை தன்னிடம் ஏமாந்தவர் எவருமில்லை என்பது அவனது எண்ணம்.

பின்னர், பழுது பார்த்த தொலைபேசியைப் புதியதென்று விற்கிறான். அதன் பின்னர், தன்னிடம் இல்லாத பொருளின் படத்தைப் போட்டு முற்பணம் பெற்றுக்கொண்டு, அழைப்பிற்குப் பதில் கொடுக்காமல் விடுகிறான். இறுதியில் நண்பனிடம் வந்து, “மச்சான், உன் பேங்க் எக்கவுண்ட் நம்பரைக் கொஞ்சம் தா, ஒரு ஆள் காசு போடுவார்” என்று கேட்கிறான்.

முதற்படிக்கும் இறுதிப்படிக்கும் இடையே பெருந்தூரம் இருப்பதாகத் தோன்றலாம். ஆனால், உரியவரின் பொருத்தமின்றி அவருக்குச் சேரவேண்டியதைத் தனதாக்கிக் கொள்வது என்ற ஒரே செயலே எல்லாப் படிகளிலும் நடைபெறுகிறது. முதற்படியில் கூசாத உள்ளம் இறுதிப்படியிலும் கூசுவதில்லை.

கண்ணுக்குத் தெரியாதது சொத்தாகுமா?

“நான் யாருடைய பொருளையும் தூக்கிக்கொண்டு வரவில்லையே! பிரதி எடுத்த பின்னரும் அது உரியவரிடமே இருக்கிறதே!” என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. இது நியாயமான கேள்வியாகும். ஆதலால் அறிவுபூர்வமாகவே இதற்குப் பதிலளிக்க வேண்டும்.

இஸ்லாமியச் சட்டக்கலையில் ‘மால்’ எனப்படும் சொத்து, கையால் தொடக்கூடிய பொருளோடு மட்டுப்படுவதில்லை. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபிலும், மாலிகீ, ஹன்பலீ மத்ஹபுகளிலும் ‘மன்ஃபஅத்’ எனப்படும் பயன்பாடும் சொத்தாகவே கருதப்படுகிறது. வீட்டை வாடகைக்குக் கொடுப்பவர் விற்பது சுவரையன்று. அதில் வசிக்கும் பயனையே அவர் விற்கிறார். வாடகை செலுத்தாது ஒருவர் அவ்வீட்டில் ஒரு மாதம் குடியிருந்துவிட்டுச் செல்வாராயின், வீடு அப்படியே இருந்தாலும் உரிமையாளரின் சொத்து பறிக்கப்பட்டதாகவே கொள்வோம். ஆசிரியரின் வகுப்பும், மென்பொருளும், திரைப்படமும் இத்தகையவையே.

இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் சர்வதேச ஃபிக்ஹ் சபை 1988 டிசம்பர் மாதம் குவைத்தில் கூடியபோது இவ்விடயத்தை ஆராய்ந்தது. வர்த்தகப் பெயர், நூலாக்க உரிமை, கண்டுபிடிப்பு உரிமை ஆகியன பொருளாதாரப் பெறுமதி கொண்டவை என்றும், ஷரீஆவின் பார்வையில் பாதுகாக்கப்பட்டவை என்றும், அவற்றில் அத்துமீறுவது ஆகாது என்றும் அச்சபை தீர்மானித்தது. சொந்தக் கல்வித் தேவைக்காக மாத்திரம் பிரதி எடுப்பது குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு, பிறர் உழைப்பை விற்று இலாபம் தேடுவதற்கு வழி காண்பது நேர்மையன்று.

வழமையான சாட்டுகள்

“இவை பெரும் வெளிநாட்டுக் கம்பனிகள், அவற்றுக்கு என்ன நட்டம்?” என்பது முதலாவது சாட்டு. உரியவன் செல்வந்தன் என்பதால் களவு ஹலாலாகிவிடாது. பிறர் சொத்தைத் தவறான முறையில் உண்ண வேண்டாமென ஸூரா அல்பகராவின் 188 ஆவது வசனமும், ஸூரா அந்நிஸாவின் 29 ஆவது வசனமும் தடுக்கின்றன. அத்தடை ஏழையின் சொத்து, செல்வந்தனின் சொத்து எனப் பிரித்துக் கூறப்படவில்லை. மேலும், நம் ஊர்களில் அதிகம் பாதிக்கப்படுவோர் வெளிநாட்டுக் கம்பனிகளும் அல்லர். இரவிரவாகக் கண்விழித்து டியூட் தயாரிக்கும் ஆசிரியரும், சிறு முதலீட்டில் இசைத்தட்டோ குறும்படமோ வெளியிடும் நம் நாட்டுக் கலைஞருமே உடனடியாக நட்டப்படுகின்றனர்.

“அறிவை மறைப்பது பாவமல்லவா?” என்பது இரண்டாவது சாட்டு. அறிவை எவரும் மறைக்கச் சொல்லவில்லை. வகுப்பில் விளங்கியதை வறிய மாணவனுக்கு அமர்ந்து சொல்லிக் கொடுங்கள், அது ஸதகாவாகும். ஆசிரியரின் ஒலிப்பதிவை விலைக்கு விற்பவன் அறிவைப் பரப்பவில்லை, வியாபாரம் செய்கிறான்.

“நான் பணம் கொடுத்து வாங்கினேன், இனி அது என்னுடையது” என்பது மூன்றாவது சாட்டு. எதை வாங்கினோம் என்பதே இங்கு முக்கியம். ஒருவர் பார்ப்பதற்கான அனுமதியை வாங்கியவர், பத்துப் பேருக்கு விற்கும் உரிமையை வாங்கவில்லை. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு ஏவிக்கொண்டே ஸூரா அல்மாயிதா ஆரம்பமாகிறது என்பதை மறந்துவிடலாகாது.

ஈரமான தானியம்

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலொன்றைக் கடந்து சென்றபோது, அதனுள் கையை நுழைத்துப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழை பட்டுவிட்டதாக வியாபாரி கூறினார். மக்கள் காணும் விதமாக ஈரமான பகுதியை மேலே வைத்திருக்கலாமே என வினவிய அண்ணலார், மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

அவ்வியாபாரி பெருங்கொள்ளைக்காரர் அல்லர். குறையைக் கீழே வைத்து நிறையை மேலே காட்டினார், அவ்வளவே. அதற்கே இத்துணைக் கடுமையான எச்சரிக்கை! திரை மாற்றிய தொலைபேசியைப் புதிய பெட்டியில் வைத்துக் கொடுப்பதும், பற்றரியின் நிலையை மறைப்பதும், போலி உத்தரவாத அட்டை வழங்குவதும் ஈரத்தைக் கீழே புதைப்பதன்றி வேறென்ன? பழுது பார்த்த தொலைபேசியைப் பழுது பார்த்ததென்று கூறி விற்பது ஹலாலான வியாபாரமாகும். ஒரு வார்த்தை உண்மையில் ஹலாலாக வேண்டிய பணம், ஒரு வார்த்தை பொய்யில் ஹராமாகிவிடுகிறது. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டென்றும், மறைத்துப் பொய்யுரைத்தால் அது அழிக்கப்படுமென்றும் நபிமொழி கூறுகிறது.

நாட்டுச் சட்டம்

நமது நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கங்களுக்குப் பாதுகாப்பு வழங்குகிறது. எங்கும் பதிவு செய்யாமலேயே ஓர் ஆக்கத்திற்கு உரிமை உண்டாகிவிடுகிறது. பொதுவாக ஆக்கியோனின் வாழ்நாளும், அவர் மறைந்து 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். வேண்டுமென்றே அதனை மீறுவோருக்கு 500,000 ரூபா வரையான தண்டப்பணமோ, ஆறு மாதம் வரையான சிறைத்தண்டனையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். திருட்டு மென்பொருள் என அறிந்தே அதனை வியாபார இலாபத்திற்குப் பயன்படுத்துபவரும் குற்றவாளியாவார். எனவே, அதனை ஏற்றிக் கொடுத்தவன் மட்டுமல்ல, கடை முதலாளியும் சிக்கிக்கொள்வார். ஏமாற்றிப் பணத்தைப் பெற்றுக்கொள்வது தண்டனைச் சட்டக்கோவையின் 403 ஆம் பிரிவின் கீழ் ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும்.

நட்பின் உண்மைக் கடமை

இனி, இத்தகைய நண்பனை என்ன செய்வது? உடனே வெட்டிவிடுவதா, கண்டும் காணாதிருப்பதா?

அநியாயம் செய்பவனாயினும், அநியாயம் செய்யப்பட்டவனாயினும் உன் சகோதரனுக்கு உதவி செய் என்ற கருத்தில் நபியவர்கள் கூறியபோது, அநியாயக்காரனுக்கு எவ்வாறு உதவுவது எனத் தோழர்கள் வினவினர். அவனை அநியாயத்திலிருந்து தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என அண்ணலார் விளக்கினார்கள். ஆகவே, மௌனம் நட்பாகாது, அவமானப்படுத்துவதும் நட்பாகாது.

முதலாவதாக, தனிமையில் பேசுங்கள். குழுவில் வைத்துக் குத்திக்காட்டினால் அவன் வீம்பு கொள்வான். இரண்டாவதாக, மாற்றுவழி காட்டுங்கள். லினக்ஸ், லிப்ரே ஆபீஸ் போன்றவை இலவசமாகவும் சட்டபூர்வமாகவும் கிடைக்கும் மென்பொருள்கள். அவற்றைக் கடைகளில் நிறுவி, பயன்படுத்தவும் கற்றுக்கொடுத்துக் கூலி பெறலாம். அவனிடமுள்ள திறமை அல்லாஹ் வழங்கிய அமானிதம். அது வீணாக வேண்டியதில்லை. மூன்றாவதாக, அவனது செயலுக்குத் துணை நிற்காதீர்கள். பாவத்திலும் வரம்பு மீறலிலும் ஒத்துழைக்க வேண்டாமென ஸூரா அல்மாயிதாவின் 2 ஆவது வசனம் கட்டளையிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. உங்கள் வங்கிக் கணக்கையோ, அடையாள அட்டைப் பிரதியையோ, சிம் அட்டையையோ, தொலைபேசிக்கு வரும் ஓடீபீ இலக்கத்தையோ எந்த நண்பனுக்கும் கொடுக்காதீர்கள். பணத்தை இழந்தவர் முறைப்பாடு செய்யும்போது அவரது கையிலிருப்பது உங்கள் பெயரும் கணக்கிலக்கமுமே. கேட்டு வாங்கியவனின் பெயரன்று. விசாரணை முதலில் உங்கள் வீட்டு வாசலுக்கே வரும். வட்டி வாங்குபவரோடு அதனை எழுதுபவரையும் சாட்சிகளையும் நபியவர்கள் சபித்தார்கள் என்பதிலிருந்து, பாவத்திற்குக் கை கொடுப்பவரின் நிலையை நாம் உணரலாம். “மச்சான், கோபிக்காதே, இது மட்டும் முடியாது” என்று கூறும் தைரியம் வேண்டும். அதற்காக முறிந்துவிடும் நட்பு, முறிய வேண்டிய நட்பே.

அவன் வாங்கித் தரும் உணவை உண்ணலாமா எனவும் சிலர் கேட்கின்றனர். குறிப்பிட்ட அப்பணம் ஏமாற்றிப் பெற்றது என உறுதியாகத் தெரிந்தால் உண்ணலாகாது. ஹலாலும் ஹராமும் கலந்த வருமானமுடையவன் தருவது எதிலிருந்து வந்ததெனத் தெரியாவிடின், அதனைப் பெற்றுக்கொள்வது கூடுமென அறிஞர்கள் பலர் கூறியுள்ளனர். ஆயினும் பேணுதலுடன் விலகிக்கொள்வதே சிறந்தது. துருவித் துருவி ஆராய்வது நம் கடமையன்று.

பெற்றோர்களே!

அபூபக்ர் (ரழி) அவர்களுக்கு அவர்களது அடிமை ஒரு நாள் உணவு கொண்டு வந்தார். உண்ட பின்னர் அதன் வரலாறு தெரிய வந்தது. அறியாமைக் காலத்தில் குறி சொல்லத் தெரியாமலேயே ஒருவருக்குக் குறி சொல்லி ஏமாற்றியிருந்தார். அதற்கான கூலியே அது. உடனே கலீஃபா அவர்கள் விரலை வாயிலிட்டு, உண்டதனைத்தையும் வாந்தியெடுத்தார்கள். ஸஹீஹுல் புஹாரி அறிவிக்கும் சம்பவம் இது.

அறியாது உண்ட ஒரு பிடி உணவுக்கு இந்த நிலையென்றால், வேலை எதுவுமில்லாத மகன் விலையுயர்ந்த தொலைபேசியும் மோட்டார் சைக்கிளும் வாங்கும்போது, “மகன், இந்தக் காசு எங்கால வந்த?” என்று கேட்காத வாப்பாவின் நிலை என்ன? உம்மாவின் கையில் அவன் வைக்கும் நோட்டை, யாரிடமிருந்து வந்ததென அறியாமல் வீட்டுச் செலவுக்கு எடுப்பதா? கேள்வி கேட்பது சந்தேகப்படுவதாகாது. செல்வத்தை எவ்வழியில் ஈட்டினாய், எவ்வழியில் செலவிட்டாய் என மறுமையில் கேட்கப்படுமுன், வீட்டில் அன்போடு கேட்பது பிள்ளைக்குச் செய்யும் உபகாரமாகும். பெற்றோர் தமது கடைக் கணினியில் திருட்டு மென்பொருளை வைத்துக்கொண்டு பிள்ளைக்கு உபதேசம் செய்வதிலும் பயனில்லை.

திரும்பி வரும் வழி

தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது. செயலை விடுதல், வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என உறுதி கொள்ளல் ஆகிய மூன்றோடு, அடியார்களின் உரிமை சம்பந்தப்பட்ட பாவத்தில் நான்காவது நிபந்தனையும் உண்டு. அது, உரியவருக்கு உரியதைத் திருப்பிக் கொடுப்பதாகும். ஆகவே நண்பனோடு அமர்ந்து ஒரு பட்டியல் எழுதுங்கள். முற்பணம் கொடுத்து ஏமாந்தவரின் பணத்தை முதலில் திருப்பி அனுப்பச் செய்யுங்கள். ஒரே தடவையில் இயலாவிடின் தவணை கேட்கச் சொல்லுங்கள். ஆசிரியரிடம் சென்று, நட்டத்தைக் கொடுக்கவோ பொருத்தம் பெறவோ அவனோடு கூடவே செல்லுங்கள். தேடியும் உரியவரைக் காண முடியாத பணத்தை, தனக்கு நன்மையை எதிர்பாராது அவர் சார்பில் ஏழைகளுக்குக் கொடுத்துவிடட்டும்.

தொழுகை, நோன்பு, ஸகாத் ஆகியவற்றோடு மறுமைக்கு வந்தும், பிறர் பொருளை உண்டதனால் நன்மைகள் அனைத்தையும் அவர்களிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவனையே நபியவர்கள் வங்குரோத்துக்காரன் என்றார்கள். பள்ளியில் நம் அருகில் தோள் சேர்ந்து தொழும் நண்பன் அந்நிலைக்கு ஆளாகாது காப்பதைவிடப் பெரிய நட்பு வேறில்லை. அவன் இன்று கோபித்தாலும், இறையச்சமுடையோரின் நட்பைத் தவிர ஏனைய நட்புகளெல்லாம் பகையாகிவிடும் அந்நாளில் நன்றி கூறுவான்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான ரிஸ்க்கையும், உண்மை பேசும் நாவையும், நன்மைக்கு வழிகாட்டும் நண்பர்களையும் தந்தருள்வானாக. ஆமீன்.