முகத்தை மறைக்கும் மாயத்திரை!

ஆம்பூரில் பொழுது விடிகிறது. ஷூ கம்பெனி பஸ்ஸுக்காகப் பெண்கள் சாலை ஓரத்தில் கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள். கையில் சாப்பாட்டுத் தூக்கு. இன்னொரு கையில் செல்போன்.

அவர்களில் ஒரு பெண்ணை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். தன் தங்கைக்கு வேலை வாங்கித் தருவதாக ஒரு தரகர் சொன்னார். ஆதார் அட்டையின் படத்தை அனுப்பச் சொன்னார். முன்பின் தெரியாத ஆள். ஆகவே அவள் அட்டையில் உள்ள எண்ணை மங்கலாக்கினாள். பக்கத்துப் போட்டோ ஸ்டூடியோக்காரரிடம் காட்டினாள்.

"அண்ணே, இது போதுமா?"

"போதாதும்மா! இதை அனுப்பாதே!"

ஏன் போதாது? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

புள்ளிக் கோலம்

கம்ப்யூட்டரில் தெரியும் படம் என்பது ஒரு புள்ளிக் கோலம். லட்சக்கணக்கான சிறு புள்ளிகள் சேர்ந்ததுதான் ஒரு முகம். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம் உண்டு.

'பிளர்' என்னும் வடிகட்டி என்ன செய்கிறது? ஒவ்வொரு புள்ளியையும் அதன் அண்டை வீட்டுப் புள்ளிகளோடு கலந்துவிடுகிறது. கறுப்புக்குப் பக்கத்தில் வெள்ளை இருந்தால் இரண்டும் கலந்து சாம்பல் நிறமாகும். கோடுகள் கரையும். படம் பனிமூட்டத்தில் தெரிவதுபோல் ஆகும்.

அதிகம் பேர் பயன்படுத்துவது 'காஸியன் பிளர்'. காஸ் என்பவர் ஜெர்மன் நாட்டுக் கணித மேதை. 1777-ல் பிறந்து 1855-ல் மறைந்தார். அவர் காலத்தில் கம்ப்யூட்டர் ஏது? ஆனாலும் அவர் பெயரால் வழங்கும் கணக்கு இங்கே உதவுகிறது. கிட்ட இருக்கும் புள்ளிக்கு அதிகப் பங்கு, எட்ட இருக்கும் புள்ளிக்குக் குறைந்த பங்கு. அவ்வளவுதான் விஷயம்.

1990-ல் விற்பனைக்கு வந்த போட்டோஷாப்பில் இந்த வசதி உண்டு. 1995-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் இரண்டு மாணவர்கள் தொடங்கிய 'கிம்ப்' மென்பொருளிலும் உண்டு. கிம்ப்புக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஷூவும் முகமும்

வெளிநாட்டு வியாபாரிக்கு ஷூவின் படத்தை அனுப்பவேண்டும். பின்னால் இருக்கும் சுவரையும் மேஜையையும் மங்கலாக்கினால் போதும். ஷூ மட்டும் பளிச்சென்று முன்னே வந்து நிற்கும். இது நல்ல உபயோகம்.

ஆனால் தோலையே மங்கலாக்கினால்? தோலின் மேல் உள்ள நுண்துளைகள் மறைந்துவிடும். அசல் தோலா, செயற்கைத் தோலா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பார்ப்பவருக்குச் சந்தேகம்தான் வரும்.

கல்யாணப் படங்களிலும் இதே கதைதான். தழும்பு விழுந்த தோலை உப்புத்தாள் கொண்டு தேய்த்து, மேலே சாயம் பூசி விற்பது உண்டு. மணப்பெண்ணின் முகத்தையும் அதுபோலவே தேய்த்துவிடுகிறார்கள். பரு போகிறது. கூடவே பெண்ணின் சொந்த முகமும் போய்விடுகிறது!

சட்டம் சொல்வது

முகத்தை மறைத்தே தீரவேண்டிய இடமும் உண்டு. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தைப் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது. 2012-ம் ஆண்டின் 'போக்சோ' சட்டம், 23-வது பிரிவு இதைச் சொல்கிறது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

முகத்தை மட்டும் மறைத்தால் போதுமா? போதாது. பெயர், விலாசம், குடும்பம், பள்ளிக்கூடம், வசிக்கும் இடம் எதுவும் தெரியக் கூடாது. சிறிய ஊரில் பள்ளிச் சீருடையே காட்டிக்கொடுத்துவிடும். வீட்டுக் கதவும் தெருமுனைக் கடையும் காட்டிக்கொடுத்துவிடும். ஊர் வாய் சும்மா இருக்குமா? அந்தக் குழந்தை நாளைக்கும் அதே தெருவில்தானே நடக்கவேண்டும்?

சுழலில் சிக்கிய குற்றவாளி

குழந்தைகளுக்குக் கொடுமை செய்த ஒருவன் படங்களை இணையத்தில் வெளியிட்டான். தன் முகத்தை மட்டும் நீர்ச்சுழி போல் திருகி மறைத்தான். ஜெர்மன் போலீஸ் நிபுணர்கள் அந்தச் சுழியைத் திருப்பிச் சுழற்றினார்கள். முகம் வெளியே வந்தது! 2007 அக்டோபர் 8-ந் தேதி இன்டர்போல் அந்தப் படத்தை உலகுக்குக் காட்டியது. அக்டோபர் 19-ந் தேதி அவன் தாய்லாந்தில் பிடிபட்டான்.

சுழற்றுவது புள்ளிகளை இடம் மாற்றுவதோடு சரி. அவற்றை அழிப்பதில்லை. அதனால்தான் மீட்க முடிந்தது.

பத்தே இலக்கம்

பிளர் அப்படி அல்ல. அது கலந்துவிடுகிறது. ஆனால் மங்கலிலும் பழைய உருவத்தின் சாயல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

எண் விஷயத்தில் இது ஆபத்து. இலக்கங்கள் மொத்தம் பத்துதான். பூஜ்யம் முதல் ஒன்பது வரை ஒவ்வொன்றையும் அதே அளவு மங்கலாக்கி, உங்கள் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். எது பொருந்துகிறதோ அதுதான் உங்கள் எண்! திருடனுக்கு இது போதாதா?

என்ன செய்யலாம்?

எண்ணின் மேல் கறுப்புக் கட்டம் வையுங்கள். கட்டத்தின் வழியாக எதுவும் ஊடுருவித் தெரியக் கூடாது. அதைப் புதிய சாதாரணப் படமாகச் சேமித்து, அதையே அனுப்புங்கள். அடுக்குகளோடு உள்ள மூலக் கோப்பை அனுப்பினால், வாங்குபவர் கட்டத்தை எடுத்துவிட்டுப் பார்த்துவிடுவார்.

ஆதாருக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. முதல் எட்டு இலக்கங்களை மறைத்து, கடைசி நான்கை மட்டும் காட்டும் ஆதாரை ஆதார் ஆணையமே தருகிறது. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்டூடியோக்காரர் அந்தப் பெண்ணிடம் கடைசியாகச் சொல்லக்கூடியது இதுதான்:

"அழகுக்கு மங்கல் போதும் தங்கச்சி. காவலுக்குக் கறுப்புதான் வேணும்!"