மலையேறி வந்தவர்கள் ஊராரானது எப்படி?

ஜவ்வாது மலைக்கு வார இறுதியில் வருகிறவர்கள் பீமன் அருவியில் குளித்துவிட்டு, தேனும் சாமையரிசியும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். சிலருக்கு மட்டும் இறங்க மனம் வராது. “இங்கேயே ரெண்டு ஏக்கர் வாங்கிப் போட்டா என்ன?” என்ற பேச்சு திரும்பும் காரிலேயே தொடங்கிவிடும். நிலத்துக்குப் பத்திரப்பதிவு அலுவலகம் இருக்கிறது. ஊரில் ஒருவராகச் சேர அப்படி ஓர் அலுவலகம் கிடையாது.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் விரிந்து கிடக்கும் இந்த மலையில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடி மக்கள். சாமை, புளி, தேன் இவற்றின் வருமானம் வருஷம் முழுக்கப் போதாது. பிழைப்பு தேடி மலையிறங்குவது இவர்களுக்குப் பழகிப்போனது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸார் சுட்டுக்கொன்ற 20 தமிழகத் தொழிலாளர்களில் இந்த மலைக்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் வயிற்றுப்பாட்டுக்காக இறங்கும் மலையில்தான் நாம் நிம்மதி தேடி ஏறுகிறோம். குடியேற நினைப்பவர் முதலில் மனதில் வாங்க வேண்டியது இதைத்தான்.

வானத்துக்காக வந்தவர்கள்

வெளியிலிருந்து வந்து இங்கே நிலைத்தவர்களில், மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தின் வானியலாளர்கள் முக்கியமானவர்கள். வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இந்த இடத்தில் 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றோடு வேலை தொடங்கியது. யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்பதை 1977-ல் உலகுக்குக் காட்டிய ஆய்வுகளில் காவலூருக்கும் பங்கு உண்டு. அவர்களை இங்கே இழுத்து வந்தது இரவின் இருட்டு. மலையை மலையாகவே விட்டுவைத்தால்தான் அவர்களுக்குப் பிழைப்பு. பண்ணை வீட்டைச் சுற்றி விடிய விடிய ஃபோகஸ் விளக்கு எரிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கிணற்றிலிருந்து தொடங்கியவர்கள்

சிங்காரப்பேட்டை பக்கம், மலையடிவாரத்துப் புளியானூரில் இருக்கிறது குக்கூ காட்டுப்பள்ளி. சிவராஜும் நண்பர்களும் குழந்தைகளுக்காக உருவாக்கிய இடம். இங்கே பாடத்திட்டமும் இல்லை, பரீட்சையும் இல்லை. இந்தக் குழுவைச் சேர்ந்த மதுமஞ்சரி, தூர்ந்துபோன ஊர்ப் பொதுக்கிணறுகளை ஊர்மக்களோடு சேர்ந்து தூர்வாரிக் கட்டும் வேலையைக் கையிலெடுத்தார். கிராமத்துப் பெண்களுக்காக ‘துவம்’ தையற்கூடமும் உருவானது. கிணறு ஒரு வீட்டுக்குச் சொந்தமில்லை. அதில் இறங்கி மண் அள்ளுகிறவரை ஊர் அந்நியராகப் பார்ப்பதும் இல்லை.

ஒப்படைத்தவர்கள்

இன்னும் தெற்கே, தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. 1990-களின் தொடக்கத்தில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் அங்கே போனபோது, பிறக்கும் 1,000 குழந்தைகளில் 147 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. ஓலைக் குடிசையில் வைத்தியம் ஆரம்பித்தார்கள். உள்ளூர்ப் பெண்களையே செவிலியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்தார்கள். சிசு மரணம் பெருமளவு குறைந்தது. பிறகு இயற்கை விவசாயிகள் சங்கமும் லம்பாடிப் பெண்களின் எம்பிராய்டரித் தொழிலும் அங்கே வேர்பிடித்தன. டாக்டர்கள் ஆரம்பித்ததை ஊர்க்காரர்கள் நடத்தக் கற்றுக்கொண்டதுதான் சிட்லிங்கியின் வெற்றி.

இந்த மூன்று கூட்டத்தாருமே ஊரைத் திருத்துகிறேன் என்று வந்து நிற்கவில்லை. ஆளுக்கொரு வேலையோடு வந்தார்கள், வருஷக்கணக்கில் தங்கினார்கள். ஒருவர் மலைக்காரராக ஆவது இப்படித்தான்.

குடியேறுகிறவர்களுக்கு வழிகள் இல்லாமல் இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயரை இந்த ஊருக்கு மாற்றுங்கள். அதன் பிறகுதான் கிராம சபையில் நீங்கள் உறுப்பினர். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு ஆறு கூட்டம். முதல் சில கூட்டங்களில் பேசாமல் உட்கார்ந்து கேளுங்கள். பிள்ளைகளை உள்ளூர் அரசுப் பள்ளியில் சேர்த்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் உங்களுக்கும் இடம் கிடைக்கலாம். சாமையையும் புளியையும் விளைவித்தவரிடமே நியாய விலைக்கு வாங்குங்கள். வேலி போடுமுன், அந்த வழியே யாருடைய ஆடுமாடு போகிறது என்று விசாரியுங்கள்.

இதற்கெல்லாம் நேரமில்லை என்றால், வார இறுதி விருந்தாளியாகவே வந்துபோங்கள். மலை அதையும் மறுப்பதில்லை.