பருவுக்கு மருந்து ஆளுக்கு ஆள் வேறு



"எதிர்வீட்டுப் பொண்ணுக்கு ஒரே வாரத்துல முகம் பளிச்சுன்னு ஆயிடுச்சு. அதே டியூபைத்தான் நானும் வாங்கித் தடவினேன். எனக்கு மட்டும் ஏன் கேக்கலை?" இப்படிக் கேட்பவர்கள் பலர். காரணம் இதுதான்.

பருவுக்கு அழுக்கு காரணமல்ல. பருவ வயதில் ஹார்மோன்கள் மாறுவதால் தோலில் எண்ணெய்ப் பசை கூடுகிறது. மயிர்க்கால்கள் அடைத்துக்கொள்கின்றன. அங்கே கிருமிகள் பெருகிப் பரு வீங்குகிறது. இது எல்லோருக்கும் பொது. ஆனால் பருவின் தன்மையும் உடல்நிலையும் ஆளுக்கு ஆள் வேறு.

கரும்புள்ளியும் சிறு பருக்களும் மட்டும் என்றால், பெரும்பாலும் தடவும் மருந்தே போதும். சிவந்து சீழ் வைத்த பருக்கள் நிறைய இருந்தால், சில காலம் மாத்திரையும் தேவைப்படலாம். கட்டி கட்டியாக வந்து பள்ளம் விழுகிறதா? தள்ளிப்போடாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். மாதவிலக்கு தள்ளித் தள்ளி வந்து, முகத்தில் ரோமமும் வளர்கிறதா? அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சினைப்பையில் கோளாறு இருக்கலாம்.

நாள் தள்ளிப்போயிருந்தாலும், குழந்தைக்கு ஆசைப்பட்டிருந்தாலும், பால் கொடுத்துவந்தாலும் கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரையைக் கர்ப்பிணி சாப்பிட்டால், குழந்தை ஊனத்தோடு பிறக்கக்கூடும். அதைச் சாப்பிடும்போதும், நிறுத்திய பின் ஒரு மாதம் வரையிலும் கருத்தரிக்கக் கூடாது. டாக்சிசைக்ளின் மாத்திரையும், அடபலீன் களிம்பும் கர்ப்ப காலத்தில் வேண்டாம். தங்கைக்கு எழுதிக்கொடுத்த மருந்தை, புதிதாகக் கல்யாணமான அக்கா எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் ஒரே வாரத்தில் பளிச்சிட்ட முகம்? அந்த டியூபில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அப்போதைக்குப் பரு அமுங்கும். தொடர்ந்து தடவினால் தோல் மெலியும், சிவக்கும். நிறுத்தியதும் பரு முன்னைவிட அதிகமாகக் கிளம்பும்.

சரியான மருந்துக்கும் பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். நடுவில் தோல் வறண்டு லேசாக எரிந்தால் டாக்டரிடம் கேளுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தடவச் சொல்லக்கூடும். பருவைக் கிள்ளாதீர்கள், தழும்பு நின்றுவிடும். பரு வந்த பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள், மனம் வாடிப்போகும்.

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் முகத்தைக் காட்டி யோசனை கேளுங்கள்.

அரிசி, பருப்பைக் கைமாற்று வாங்கலாம், மருந்தை வாங்கலாமா?