அச்சும் தேயும்

வீட்டுக்குள் ஒரு கோயில் – 14

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறை. கார்த்திகைக்கு இரண்டு மாதம் இருந்தது. ஒரு பலகை நிறைய அகல் விளக்குகள் காய்ந்துகொண்டிருந்தன. அதற்கு மேல் பலகையில் கிறிஸ்துமஸ் குடிலுக்கான பொம்மைகள்: மாதா, மூன்று ராஜாக்கள், படுத்திருக்கும் மாடு, நாலைந்து ஆடுகள். தரையில் உட்கார்ந்திருந்த அக்கா, கெட்டிப் பால் மாதிரி இருந்த களிமண் கரைசலைக் குவளையில் மொண்டு ஓர் அச்சுக்குள் விளிம்பு வரை ஊற்றினார். அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த அச்சுக்குப் போனார். அதற்கடுத்து இன்னொன்று.

"எப்ப எடுப்பீங்கக்கா?" என்று கேட்டேன்.

"இருங்க சார். இன்னும் சுவர் புடிக்கல."

அந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போனது. அங்கேயே ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்துவிட்டேன்.

நம் பிரசங்கங்களில் குயவர் அடிக்கடி வருவார். எரேமியா தீர்க்கதரிசி குயவர் வீட்டுக்குப் போகிறார். சக்கரத்தில் கெட்டுப்போன மண்ணைக் குயவர் மறுபடி பிசைந்து வேறொரு பாத்திரமாக வனைவதைப் பார்க்கிறார். மண் நாம், கை கடவுளுடையது. சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த படம் இது. ஆனால் இந்தப் பட்டறையில் சக்கரம் கிடையாது. வெள்ளைக் களிமண்ணோடு இன்னும் இரண்டு மூன்று கனிமங்களைச் சேர்த்து, உருளையில் போட்டு நீர்விட்டு மாவாக அரைக்கிறார்கள். அந்தக் கரைசலுக்கு 'ஸ்லிப்' என்று பெயர். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்கத் தோண்டும்போது மேலே கிடக்கும் மண்ணோடு வெள்ளைக் களிமண்ணும் வருகிறது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் காலூன்ற அந்த மண் பக்கத்தில் கிடைத்தது பெரிய வசதி.

கரைசலை உருவமாக்குவது அச்சு. பாரிஸ் சாந்தில் செய்தது. அது தாகம் எடுத்த பொருள். கரைசல் உள்ளே வந்ததும் அதிலிருக்கும் தண்ணீரைக் குடிக்கத் தொடங்கும். தண்ணீர் போன இடத்தில் களிமண் அச்சின் உட்புறத்தில் ஒரு தோலாகப் படியும். ஐந்து நிமிடம் இருந்தால் மெல்லிய தோல், பதினைந்து நிமிடம் இருந்தால் கனமான சுவர். அதன் பிறகு மிச்சக் கரைசலைக் கவிழ்த்து ஊற்றிவிடுவார்கள். உள்ளே கூடான உருவம் நிற்கும். கொஞ்சம் காய்ந்ததும் அது தானே சுருங்கி அச்சைவிட்டு விலகும். வலித்து எடுக்க வேண்டியதில்லை.

சுவர் கூடுவதற்கு வேறு ரகசியம் எதுவும் இல்லை. எவ்வளவு நேரம் அச்சைத் தொட்டுக்கொண்டு இருந்தது என்பதுதான் கணக்கு.

ஓரத்தில் தனியாக ஒரு பொம்மை இருந்தது. முகம் மழுங்கி, யாரென்றே தெரியவில்லை. எடுத்துக் காட்டினேன்.

"சூசையப்பர் சார். அச்சு தேஞ்சுபோச்சு. மூக்கே வர மாட்டேங்குது."

ஓர் அச்சில் சுமார் நூறு தடவை வார்க்கலாமாம். அதற்குள்ளேயே மூக்கு, விரல், மடிப்பு எல்லாம் மங்கத் தொடங்கும். ஒவ்வொரு தடவையும் பொம்மையின் ஈரத்தை அச்சு வாங்கிக்கொள்கிறது. ராத்திரியெல்லாம் காய்ந்து காலையில் மறுபடி வாங்குகிறது. சீக்கிரம் காயட்டும் என்று அதிகச் சூட்டில் வைத்தால் அச்சே பொடிந்துவிடும். "நாங்க பொம்மையத்தான் பாப்போம். அச்ச யாரும் பாக்க மாட்டாங்க" என்றார் அக்கா. அவர் தொழிலைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு நெஞ்சை அடைத்தது.

ஏன் என்று சொல்கிறேன்.

என் அம்மா பக்கவாதம் வந்து மூன்று வருஷம் படுக்கையில் இருந்தார். அந்த மூன்று வருஷமும் நான் காலைப் பூசையைத் தவறவிட்டதில்லை. ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவேன். பூசை முடிந்து பங்குச்சாமியாரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு ஏழு மணிக்கு வருவேன். மனம் லேசாக இருக்கும். அம்மாவுக்காக வேண்டிக்கொண்டோம், கடமை செய்தோம் என்ற நிறைவு. அந்த ஒன்றரை மணி நேரத்தில் வீட்டில் என் மனைவி அம்மாவைத் துடைத்து, துணி மாற்றி, விரிப்பை அலசிப் போட்டிருப்பாள். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ராத்திரியில் அலாரம் வைத்து எழுந்தவளும் அவள்தான்.

ஒரு தவக்காலக் காலை. பூசையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே காப்பி கேட்டேன். அம்மாவின் அறையிலிருந்து அவள் குரல் வந்தது. கோபமே இல்லாத குரல்.

"ஏங்க, உங்களுக்குச் சாமி பூசையில கெடச்சிடறாரு. நான் இங்கயே தேடிக்கிட்டிருக்கேன். ஒரு நாளைக்கு மாத்திக்கலாமா?"

மறுநாள் அவள் பூசைக்குப் போனாள். நான் வெந்நீரும் துணியுமாக அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா, அசைகிற ஒரு கையால் என்னைத் தள்ளினார். மகன் தன்னைத் துடைப்பதா என்ற கூச்சம். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஜெபம்கூட வரவில்லை. கடைசியில், நான் சின்னப் பிள்ளையாய் இருந்தபோது என்னைக் குளிப்பாட்டிக்கொண்டே அம்மா பேசும் பேச்சையெல்லாம் பேச ஆரம்பித்தேன். "காலைக் காட்டு, காலைக் காட்டு, அழுக்குப் பிள்ளை." அம்மா மெல்லத் திரும்பிப் பார்த்தார். கோணிய வாயோடு சிரித்தார்.

அம்மா இறக்கும் வரை பிறகு நாள் மாற்றி நாள் பூசைக்குப் போனோம். பூசை குறைந்ததால் என் விசுவாசம் குறையவில்லை. முதல்முறையாக அதற்குச் சுவர் பிடித்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதைச் சொல்லி முடிக்கும்போதே இன்னொன்றும் உறுத்துகிறது. நான் உருவாகிக்கொண்டிருந்த அத்தனை வருஷமும் என் ஈரத்தையெல்லாம் வாங்கிக்கொண்டவள் அவள். அவள் முகத்தில் என்ன மங்கியது என்று நான் பார்த்தேனா? குடும்பத்தால் விசுவாசத்தில் வளர்ந்தேன் என்று சாட்சி சொல்கிறவர்கள் (நானும் சொல்லியிருக்கிறேன்) அந்த வளர்ச்சிக்கு வீட்டில் யார் தேய்ந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சாட்சி பாதிதான்.

அம்மாவின் வருஷ நினைவுத் திருப்பலி முடிந்ததும் மனைவி ஒன்று கேட்டாள்: கோணான்குப்பம் போக வேண்டும். விருத்தாசலத்திலிருந்து மங்கலம்பேட்டை பக்கமாகப் போகிற வழியில் இருக்கும் ஊர். பெரியநாயகி மாதா கோயில் அங்கே இருக்கிறது. அதைக் கட்டியவர் வீரமாமுனிவர்.

1680-இல் இத்தாலியில் பிறந்த கான்ஸ்டான்டைன் ஜோசப் பெஸ்கி, முப்பது வயதில் கப்பலேறி வந்து, இந்த மண்ணின் மொழியை இந்த மண்ணின் புலவர்களிடமே கற்றார். கோயில் உருவான கதையை ஊரில் இப்படிச் சொல்வார்கள்: முனிவர் கொண்டுவந்த மாதா சுரூபம் காட்டில் தவறிப்போயிற்று. அது முகாசபரூர்ப் பாளையக்காரர் கச்சிராயர் கைக்கு வந்தது. பிள்ளையில்லாமல் இருந்த அவர் மாதாவிடம் வேண்டி, பிள்ளை பெற்று, காட்டிலேயே சிறு கோயில் எழுப்பினார். சுரூபத்தைத் தேடிவந்த முனிவர் பிற்பாடு பெரிய கோயில் கட்டினார். மாதாவைச் சேலை உடுத்திய தமிழ்ப் பெண்ணாக நிறுத்தியவரும் அவரே என்கிறார்கள். விருத்தாசலத்தில் விருத்தகிரீஸ்வரர் கோயில் அம்மனுக்கும் பெரியநாயகி என்று பெயர் உண்டு. கச்சிராயர் இந்து. அந்தக் கதையை இந்துக்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்தே சொல்கிறார்கள். ஒருவரின் பக்தியில் அடுத்தவருடைய கையும் இருக்கிறது என்பதை இந்த வட்டாரத்தில் யாரும் புதுமையாக நினைப்பதில்லை.

முனிவர் 1726-இல் தேம்பாவணி பாடினார். 3 காண்டம், 36 படலம், 3615 பாட்டு. இவ்வளவு பெரிய காப்பியத்துக்கு நாயகன் அரசன் இல்லை, போர்வீரன் இல்லை, ஒரு தச்சர். சூசையப்பர். நான்கு நற்செய்திகளையும் புரட்டிப் பாருங்கள், சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்கூடக் கிடையாது. கனவு கண்டார், எழுந்தார், மனைவியைச் சேர்த்துக்கொண்டார், குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு நடந்தார், திரும்பி வந்து இழைப்புளி பிடித்தார். எல்லாம் வினைச்சொல். பிறகு சத்தமில்லாமல் கதையைவிட்டே போய்விடுகிறார். அந்த மனிதரைத்தான் முனிவர் தேர்ந்தெடுத்து, வளன் என்று பெயர் சூட்டி, தமிழில் இருந்த அணிகலன்களையெல்லாம் கொண்டுவந்து அவருக்குப் போட்டார்.

அதே முனிவர் எளிய உரைநடையில் 'வேதியர் ஒழுக்கம்' என்று ஒரு நூலும் எழுதினார். வேதியர் என்றால் உபதேசியார். ஒரு குருவானவருக்கு எத்தனையோ ஊர்கள் இருந்த காலம் அது. அவர் எப்போதோ ஒருமுறை வருவார். மிச்ச நாளெல்லாம் சாவு வீட்டிலும் நோயாளி பக்கத்திலும் உட்கார்ந்தவர்கள் உபதேசியார்கள்தான். அவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு ஒரு தனி நூல் தேவை என்று காப்பியம் பாடிய அந்தப் புலவருக்குத் தோன்றியதை நினைத்தால், எனக்கு அவர் மேல் மரியாதை இன்னும் கூடுகிறது.

கோணான்குப்பத்தில் என் மனைவி வெகுநேரம் முழந்தாளில் இருந்தாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்கவில்லை. வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்தபோது அவளே சொன்னாள்: "அத்த கடைசியில என்னய அம்மான்னு கூப்பிட்டாங்க. யாருன்னு தெரியாமக் கூப்பிட்டாங்களா, தெரிஞ்சு கூப்பிட்டாங்களான்னு இன்னும் யோசிச்சுக்கிட்டே இருக்கேன்."

அது நடந்து சில வருஷம் ஆகிறது. போன மாதம் அந்தப் பட்டறையில் மூக்கில்லாத சூசையப்பரை விலைக்குக் கேட்டேன். அது சூளைக்கே போகாதே, சுடாத மண், தண்ணி பட்டாக் கரைஞ்சுடும் என்றார் அக்கா. பரவாயில்லை என்றேன். காசு வாங்கிக்கொள்ளாமல் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

வீட்டில் மனைவி பிரித்துப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவர் யாரு?" என்று கேட்டாள். சொன்னேன். சமையலறை ஜன்னல் மாடத்தில், அடுப்புச் சூடும் குழாய்த் தண்ணீரும் எட்டாத மூலையாகப் பார்த்து வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, மறுபடி எடுத்து, முந்தானையால் அந்த முகத்தை மெல்லத் துடைத்து வைத்தாள்.

(தொடரும்)