பரணில் தூங்கும் 700 எம்.பி.!

வர்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் பண்ணுங்க பாஸ். வீட்டுப் பரணையோ, டி.வி. ஸ்டாண்டின் கீழ் டிராயரையோ கொஞ்சம் துழாவிப் பாருங்க. அம்பத்தூர் ஓ.டி., ஆவடி, பூந்தமல்லி... எந்த ஏரியாவா இருந்தாலும் சரி, 2000-களில் கம்ப்யூட்டர் வாங்கின வீடு என்றால் ஒரு சி.டி. பவுச் சிக்கும். 'அக்கா ப்ராஜெக்ட்', 'ஊர் திருவிழா', 'பேக்கப் 2' என்று எழுதியிருக்கும்.

போட்டுப் பார்க்கலாம்னா, எங்கே போடுறது? இப்போ வர்ற லேப்டாப் பெரும்பாலானதில் டிரைவே கிடையாது. "அப்புறம் பார்த்துக்கலாம்"னு திரும்பப் பரணில் ஏத்திடாதீங்க. எங்க வீட்டில் அப்படித்தான் ஏத்தினோம். 2006-ல் எரிச்ச சி.டி. அதில் தாத்தா கதை சொல்ற 4 நிமிஷ வீடியோ. தாத்தா இப்போ இல்லை. போன வருஷம் ஓசி வாங்கின டிரைவில் போட்டால் ஃபோல்டர் பேர் தெரியுது. வீடியோவை கிளிக் பண்ணினா டிரைவ் சுத்துது, சுத்துது... சுத்திக்கிட்டே இருக்குது!

காரணம் இதுதான். கடையில் விற்ற பாட்டு சி.டி.யில் தகவல் எல்லாம் அச்சில் அழுத்தின குட்டிக் குட்டிப் பள்ளங்கள். நாம வீட்டில் எரிச்ச சி.டி.-ஆர்-ல் இருப்பதோ ஒரு சாயப் படலம். லேசர் சூட்டில் அந்தச் சாயம் புள்ளிப் புள்ளியாக மாறும். 'எரிக்கிறது'ன்னு சும்மாவா பேர் வச்சாங்க? சட்டைச் சாயம் வெளுக்கிற மாதிரி இதுவும் வெயிலில், வெக்கையில், ஈரத்தில் கெடும். நம்ம ஊர் மே மாசத்துப் பரண் எப்படிக் கொதிக்கும்னு உங்களுக்கே தெரியும்.

இன்னொரு கூத்து. பளபளக்கிற அடிப்பக்கத்தைத்தானே பொத்திப் பொத்தி வைப்போம்? தகவல் இருப்பது பேர் எழுதுற மேல்பக்கத்தை ஒட்டி! கீழே சுமார் 1.2 மி.மீ. பிளாஸ்டிக் காவல் இருக்கு. மேலே மெல்லிசான பூச்சு மட்டும்தான். அந்த சி.டி. மேல 'தாத்தா'ன்னு பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினது... நான்தான்.

அன்னைக்கு எரிக்கிறதே ஒரு விரதம். சாஃப்ட்வேர் பேரே 'நீரோ பர்னிங் ராம்'. ரோம் எரியும்போது பிடில் வாசிச்சதா கதை சொல்வாங்களே, அதே நீரோ! 'பர்ன்' அமுக்கிட்டா மவுஸைத் தொடக்கூடாது. தகவல் வர்றது ஒரு நொடி தடைப்பட்டாலும் டிஸ்க் அவுட், டீ டம்ளர் வைக்கத்தான் ஆகும். 2000-ல் சான்யோ கொண்டு வந்த 'பர்ன்-ப்ரூஃப்' இதுக்கு வைத்தியம் பார்த்தது. ஆனா நடுவில் கரன்ட் போனா? அதுக்கு எந்த ஜப்பான்காரனும் ஒண்ணும் பண்ண முடியலை.

டிஸ்க்கைத் திருப்பிப் பாருங்க, 'மோசர் பேயர்'னு இருக்கலாம். உலகத்தின் பெரிய டிஸ்க் கம்பெனிகளில் ஒண்ணா இருந்த இந்த டெல்லி நிறுவனம் 2018-ல் திவாலாகிக் கலைப்புக்குப் போயிடுச்சு. முதல் சி.டி.-ஆர் தயாரிச்ச ஜப்பானின் தையோ யூடென் 2015-லேயே இந்தத் தொழிலை விட்டுடுச்சு. டிரைவும் அந்த வழியில்தான் போயிட்டு இருக்கு.

அதனால, நாலு ஃப்ரெண்ட்ஸ் காசு போட்டு யு.எஸ்.பி. டிரைவ் ஒண்ணு வாங்குங்க. ஆவடி லோக்கலைப் பிடிச்சு சென்ட்ரலில் இறங்கினா ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம்தான். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைங்க. வட்டமாத் தேய்ச்சா, கீறல் விழுந்தால் தகவல் ஓடுற வழியிலேயே விழும். டிஸ்க்கில் வச்சே ஓட்டிப் பார்க்காம, முதலில் ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி பண்ணிடுங்க. எரர் வந்தா வேற டிரைவில் போடுங்க, ஒண்ணு படிக்காததை இன்னொண்ணு படிக்கும். ஃபைலே காணோமா? ரெண்டு மூணு தடவையாக எரிச்ச டிஸ்க்கில் பழைய செஷன் மறைஞ்சு கிடக்கலாம். 'ஐஸோபஸ்டர்' போட்டுத் தேடுங்க.

எங்க சி.டி.யை கொரட்டூர் ஃப்ரெண்ட் வீட்டுப் பழைய டெஸ்க்டாப்தான் படிச்சது. ராத்திரி முழுக்க காப்பி ஆகி, 4 நிமிஷத்தில் 2 நிமிஷம் 40 செகண்ட் வந்தது. தாத்தா சிரிச்சுக்கிட்டே, "அப்போ அந்த நரி என்ன பண்ணுச்சுன்னா..."ங்கிறார். அதோட நின்னுடுது. பாட்டிக்குப் போட்டுக் காட்டினோம். மீதிக் கதையை அவங்க சொன்னாங்க.