மூச்சே முதற்பாடம்

இசைக்கருவி ஒன்று கைக்கு வந்ததும் ஒரு பாட்டை வாசித்துவிட மனம் துடிக்கும். சாக்சபோன் கற்பிக்கும் நல்லாசிரியரோ தொடக்க நாள்களில் பாட்டுக்கு இடம் தருவதில்லை. அதன் காரணத்தை இப்பாடத்தில் அறிவோம்.

பெல்ஜியம் நாட்டவரான அடால்ஃப் சாக்ஸ் உருவாக்கிய கருவி சாக்சபோன். 1846ஆம் ஆண்டு பாரிசில் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். இதன் உடல் பித்தளையால் ஆனது. எனினும் புல்லாங்குழல், கிளாரினெட் ஆகியவை அடங்கிய மரக்குழற் கருவிகளின் வரிசையிலேயே இதனை வைப்பர். ஏனெனில், ஒலியைப் பிறப்பிப்பது பித்தளை அன்று. ஊதுவாயில் பொருத்தப்படும் மெல்லிய நாணற்பட்டை. மூச்சுக்காற்றுப் பட்டதும் அது அதிர்கிறது. நாகசுரத்தில் சீவாளி செய்யும் பணியை இங்கே இப்பட்டை செய்கிறது.

ஆகவே, ஆசிரியர் பலர் முதல்நாளில் ஊதுவாயை மட்டுமே மாணவரிடம் தருவர். பட்டையை நனைத்துப் பொருத்த வேண்டும். மேற்பற்கள் ஊதுவாயின்மேல் மெல்லப் படிய வேண்டும். கீழுதடு கீழ்ப்பற்களை மெத்தைபோல் மூட வேண்டும். கன்னம் உப்பலாகாது. மூச்சை ஆழ இழுத்துச் சீராக விட வேண்டும். பட்டையை இறுகக் கடித்தால் கீச்சென்ற ஒலி எழும். உதடு மிகத் தளர்ந்தால் வெறுங்காற்றே வெளிப்படும். கீச்சொலி கேட்டு உடன்பயில்வோர் நகைக்கலாம், ஆசிரியர் நகைப்பதில்லை. எங்கே இறுக்கம் உள்ளது என்பதைக் காட்டும் குறிப்பாகவே அவர் அதனைக் கொள்வார்.

பின்னரே முழுக்கருவியும் கைக்கு வரும். தொடக்கநிலை மாணவர்க்குப் பெரும்பாலும் ஆல்ட்டோ வகைக் கருவியே ஏற்றது. அதன் எடை ஏறத்தாழ 2.5 கிலோ. அவ்வெடையைக் கழுத்துவார் தாங்குவதால் விரல்கள் தளர்வாக இயங்கும். இடக்கைச் சுட்டுவிரலால் ஒரு விசையை அழுத்தினால் ஒரு சுரம். நடுவிரலும் சேர்ந்தால் அதனினும் தாழ்ந்த சுரம். மோதிரவிரலும் சேர்ந்தால் இன்னும் தாழ்ந்த சுரம். துளைகள் மூடப்பட மூடப்பட உள்ளே அதிரும் காற்றின் நீளம் கூடுவதே இதற்குக் காரணம். இம்மூன்று சுரங்களே பல நாள்களுக்குப் போதும். ஒவ்வொன்றையும் 10 நொடி நேரம் நடுக்கமின்றி நீட்டி ஊதுவதே அந்நாள்களின் பயிற்சி.

கருநாடக இசை பயில்வோர்க்கு இப்பயிற்சி இன்னும் இன்றியமையாதது. சாக்சபோனின் விசைகள் சுரங்களைப் படிக்கட்டுப்போல் தனித்தனியே தருகின்றன. கருநாடக இசையின் உயிரான கமகமோ ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கியும் அசைந்தும் செல்வது. படிக்கட்டைச் சரிவுப்பாதையாக மாற்றுபவை உதடும் மூச்சும், விசையை மெல்ல விடுவிக்கும் விரலுமே. ஒரு சுரத்தை அசையாமல் நிறுத்தத் தெரிந்தவர்க்கே அதனை அழகாக அசைக்கவும் இயலும்.

இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்கியவர் கத்ரி கோபால்நாத் (1949–2019). கருநாடக மாநிலத்தின் தென்கன்னட மாவட்டத்தில் பிறந்த இவருடைய தந்தையார் நாகசுரக் கலைஞர். மைசூர் அரண்மனை இசைக்குழுவில் சாக்சபோன் ஒலியைக் கேட்ட கோபால்நாத், அக்கருவியையே தமக்குரியதாகக் கொண்டார். மேனாட்டுக் கருவியில் கமகம் பிறக்குமா என்ற ஐயத்திற்கு அவர் சொல்லால் விடை கூறவில்லை; மங்களூரிலும் சென்னையிலும் ஆசிரியர்களிடம் பயின்று, பல்லாண்டுப் பயிற்சியால் விடை கூறினார். 1994ஆம் ஆண்டு லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பி.பி.சி. நடத்திய இசைவிழாவில் வாசித்தார். அதே ஆண்டு வெளிவந்த ‘டூயட்’ திரைப்படத்தில் ஒலிப்பதும் இவருடைய சாக்சபோனே. 2004ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார்.

மூச்சு வசப்பட்டபின் சரளி வரிசை தொடங்கும். மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்த அவ்வரிசைகளை மாணவர் முதலில் தம்பூராவின் சுருதியோடு வாயால் பாட வேண்டும். பிறகே கருவியில் ஊத வேண்டும். தவறான சுரத்தைச் செவி உணர்ந்துவிட்டால் உதடு தானே திருத்திக்கொள்ளும். அந்நிலையை எய்திய மாணவரிடம் ஆசிரியர் பாட்டைத் தருவார்.

பயிற்சி

1. சாக்சபோன் மரக்குழற் கருவிகளின் வரிசையில் வைக்கப்படுவது ஏன்?
2. விரல்கள் கூடக் கூடச் சுரம் தாழ்வதன் காரணம் யாது?
3. ‘படிக்கட்டு’, ‘சரிவுப்பாதை’ ஆகிய உவமைகள் எவற்றைக் குறிக்கின்றன?
4. ழ, ள, ல ஆகிய எழுத்துகளை ஒலிக்க நீங்கள் பழகிய முறையைச் சாக்சபோன் பயிற்சியோடு ஒப்பிட்டு ஐந்து தொடர்கள் எழுதுக.